இனிப்பான மலர் வாசனை மலை ஏறினால் ஊமையாகிவிடுமா?

நவம்பர் 14

வத்தலக்குண்டு மண்டபத்தில் நான்கு பேரைத் திரும்பிப் பார்க்க வைத்த வாசனைத் திரவியம், கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூருக்கு ஏறி வந்ததும் ஊமையாகிவிடுவது ஏன்? அண்ணன் மகள் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். ஓர் ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் பெயரில் விற்பது. கொசுவம் வைத்த பாவாடை விரிந்து நிற்பதைப் போலக் கண்ணாடி மடிப்பு மடிப்பாக இருக்கும். பெட்டியில் மல்லிகை, ஆரஞ்சுப் பூ, வெண்ணிலா என்று எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருமணத்தில் பெண்ணின் சித்தி என் கையைப் பிடித்து முகர்ந்து, எங்கே வாங்கியது என்று கேட்டார். திங்கட்கிழமை அதே அளவு அடித்துக்கொண்டு கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்; அளவு கொடுக்க வந்த ஐந்து பெண்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை, எனக்கும் எதுவும் தெரியவில்லை. ஆடை நிறுவனங்களின் சென்ட் எல்லாம் வெப்ப நாட்டு மண்டபங்களுக்கும் குளிரூட்டிய கடைகளுக்கும் செய்யப்பட்டவை, மலையில் இருப்பவர்கள் அவற்றுக்குச் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. அல்லது அண்ணன் மகளை யாரோ ஏமாற்றிப் போலியை விற்றிருக்க வேண்டும்.

நவம்பர் 14, இரவு

ஒன்றைச் சொல்ல மறந்தேன். கீழே அடித்தது மணிக்கட்டிலும் கழுத்திலும். இங்கே அடித்தது ஸ்வெட்டரின் மேல். இதனால் வேறுபாடு வருமா?

நவம்பர் 15

போலி என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இன்று ஸ்வெட்டரை மடித்து வைக்க எடுத்தபோது அதன் மார்புப் பகுதியில் வெண்ணிலா வாசனை பலமாக இருந்தது. போலியாக இருந்தால் மண்டபத்திலும் மணத்திருக்காது என்பது நேற்றே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அண்ணன் மகளிடம் இந்தச் சந்தேகத்தை நான் சொல்லவில்லை. இதைப் படிக்கும் உறவினர்களும் சொல்ல வேண்டாம்.

நவம்பர் 17

துணி வெட்டுகிறவர்களுக்குச் சென்டோடு என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக ரவிக்கை தைப்பவள் என்ற முறையில் எனக்கும் இந்தக் கேள்வி இருந்தது. தெரிந்த அளவு எழுதுகிறேன்.

பாரிஸில் பெரிய தையற்கலைஞராக இருந்த போல் புவாரே 1911இல் தம் மகள் ரோஸினின் பெயரில் வாசனைத் திரவியங்கள் விற்கத் தொடங்கினார். ஆடை வடிவமைப்பாளர் சனேல் 1921இல் 'ஐந்தாம் எண்' என்று பெயர் வைத்த வாசனையோடு வந்தார். ஜான் பட்டூ 1930இல் ஜாய் என்பதைக் கொண்டுவந்து, உலகிலேயே விலை உயர்ந்த வாசனை என்று விளம்பரம் செய்தார். கணக்கு எளிது: அவர்கள் தைத்த கவுனை வாங்கக்கூடியவர்கள் உலகத்தில் மிகச் சிலர், அதே பெயர் பொறித்த புட்டியை வாங்கக்கூடியவர்கள் பல இலட்சம் பேர். கவுன் பெயரை உண்டாக்கும், புட்டி கடையை நடத்தும்.

ஆனால் கிறிஸ்டியன் டியோரின் கதையை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன், ஏனென்றால் அவர் ஆடையையும் வாசனையையும் ஒரே மூச்சில் யோசித்தவர். 1947 பிப்ரவரி 12 அன்று அவர் காட்டிய முதல் தொகுப்பின் ஒரு வரிசைக்குப் பூவின் இதழ்வட்டத்தைக் குறிக்கும் 'கொரோல்' என்ற பெயரை வைத்திருந்தார். இடுப்பை இறுக்கிப் பிடித்து, அதற்குக் கீழே பாவாடையைப் பூவாக விரித்து, போர்க்காலத்துப் பஞ்சத்துக்குப் பிறகு ஒரு பாவாடைக்குப் பல மீட்டர் துணியைச் செலவழித்தார். அது தொய்ந்துவிடாமல் நிற்க உள்ளே கெட்டியான லைனிங் கொடுத்தார். லெஹங்காவுக்குள் கேன்கேன் வைத்துத் தைத்தவர்களுக்கு இந்த வேலையின் சிரமம் தெரியும். அந்த ஆண்டிலேயே வந்த வாசனை மிஸ் டியோர். அந்தப் பெயர் அவருடைய தங்கை கத்ரீனைக் குறித்தது. நாஜிகளை எதிர்த்த குழுவில் இருந்து, 1944இல் பிடிபட்டு, ராவன்ஸ்புருக் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டு, உயிரோடு திரும்பி வந்து பின்னர் பூ வியாபாரம் செய்தவர் அவர். அந்தப் பழைய மிஸ் டியோர் இனிப்பே இல்லாத, பச்சைத் தழையும் மரப்பாசியும் மணக்கும் வாசனை. இன்று கடையில் அதே பெயரில் கிடைக்கும் இனிப்பு வகை 2005இல் மிஸ் டியோர் செரி என்று வந்ததன் வழித்தோன்றல். பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைத்தால் முகம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இனிப்பு எப்போது வந்தது என்றால், தோள்களை அகலமாக வெட்டி இடுப்பைக் குளவி இடுப்பாக்கும் தியரி முக்லர் 1992இல் ஏஞ்சல் என்பதை வெளியிட்டபோது வந்தது என்றே சொல்லலாம். அதில் எத்தில் மால்டால் என்ற பொருளைத் தாராளமாகப் போட்டார்கள். அதன் வாசனை திருவிழாப் பஞ்சு மிட்டாயின் வாசனை. அதற்கு முன்பும் வெண்ணிலா இருந்தது, ஆனால் இவ்வளவு வெளிப்படையாகத் தின்பண்டமாக மணக்கத் துணிந்தவர்கள் இல்லை. அடுத்த ஆண்டு ஜான் போல் கோத்தியே, மடோனாவுக்குக் கூம்பு மார்க்கச்சை தைத்துக் கொடுத்தவர், ரோஜா, ஆரஞ்சுப் பூ, வெண்ணிலா கலந்த வாசனையைக் கச்சை அணிந்த பெண்ணுடல் வடிவப் புட்டியில் கொண்டுவந்தார். உடலையே புட்டியாக்கிய முதல் தையற்காரர் அவர்தான்.

நவம்பர் 18

உடலைப் புட்டியாக்கிய முதல் ஆள் கோத்தியே இல்லை. மதுரையிலிருந்து எழுதிய தம்பி திருத்தியிருக்கிறார், அது சரியே. எல்சா ஸ்கியாபரெல்லி என்ற ஆடை வடிவமைப்பாளர் 1937இலேயே ஷாக்கிங் என்ற வாசனையை அப்படி ஒரு புட்டியில் வெளியிட்டுவிட்டார். மே வெஸ்ட் என்ற நடிகைக்கு ஆடை தைக்க அவருடைய உடல் அளவில் ஒரு டம்மி பாரிஸுக்கு அனுப்பப்பட, அதைப் பார்த்து லியோனோர் ஃபினி என்ற ஓவியர் புட்டியை வடிவமைத்தார். இதில் என்னை அசத்தியது, அந்தப் புட்டியின் கழுத்தைச் சுற்றி முன்பக்கம் குறுக்காக இறங்கும் இஞ்ச் டேப். என் கழுத்தில் காலை ஒன்பது மணி முதல் இரவு எட்டு மணி வரை தொங்குவதும் அதேதான். என்னை யாரும் புட்டியில் அடைத்து விற்க முன்வரவில்லை.

நவம்பர் 23

வாய்ப்பேச்சு போதும் என்று ஒரு சோதனை செய்தேன். வெட்டுத் துணி எனக்குக் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை. வெள்ளைப் பருத்தி, கம்பளி, பட்டு, லைனிங்குக்குப் போடும் பாலியஸ்டர் ஆகிய நான்கிலும் உள்ளங்கை அளவில் இரண்டிரண்டு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே தூரத்திலிருந்து ஒரு முறை அடித்தேன். ஒரு தொகுதியை அடுப்படியில், விறகடுப்புக்கு எட்டிய தூரத்தில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். மற்றொன்றைப் பின்பக்கத் திண்ணையில் தொங்கவிட்டேன்; அங்கே இரவில் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. முடிவைப் பிறகு எழுதுகிறேன்.

நவம்பர் 24

பக்கத்து வீட்டு அம்மா கொடியைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டார்.

டிசம்பர் 2

ஒன்பது நாட்கள் ஆகிவிட்டன. அடுப்படியில் தொங்கிய பருத்தி முதல் அரைமணி நேரம் அறையையே நிறைத்தது. ஆரஞ்சுப் பூவின் கூர்மையும் மல்லிகையும் தனித்தனியாகத் தெரிந்தன. மறுநாள் மாலைக்குள் எல்லாம் அடங்கி மெல்லிய வெண்ணிலா மட்டும் மிஞ்சியது. திண்ணைத் துண்டுகள் தொடக்கத்திலிருந்தே அடக்கமாக இருந்தன. ஓர் அடி தள்ளி நின்றால் ஒன்றும் இல்லை. மூக்கை ஒட்டி வைத்தால் எல்லாம் இருந்தது. மல்லிகை அங்கே இரண்டு நாட்கள் தாங்கியது. கம்பளி இரண்டு இடத்திலும் எதையும் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. பாலியஸ்டரில் வாசனை கொஞ்சம் பிளாஸ்டிக்காக மாறியது. பட்டு கம்பளிக்கும் பாலியஸ்டருக்கும் நடுவே இருந்தது. வெள்ளைப் பருத்தித் துண்டுகளில் நனைந்த இடத்தின் விளிம்பில் இளமஞ்சளாக ஒரு வளையம் தெரிகிறது; அடுப்புப் புகையாக இருக்கலாம்.

இதற்குக் காரணம் சிக்கலானது இல்லை. வாசனை என்பது ஆவியாகி மூக்குக்கு வந்து சேரும் பொருள். வெப்பம் பத்துப் பாகை குறைந்தால் பல வாசனைப் பொருட்கள் ஆவியாகும் அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்துவிடும். மணிக்கட்டில் அடித்தால் உடற்சூடு அதை ஓட்டும். ஸ்வெட்டரின் மேல் அடித்தால் அந்தச் சூடு வெளியே வருவதே இல்லை. ஸ்வெட்டர் போடுவதே அதற்காகத்தானே. இங்கே இவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, ஆகவே வாசனை எளிதாகப் பரவ வேண்டுமே என்று ஒருவர் வாதிட்டிருக்கிறார். சற்று எளிதாகப் பரவும் என்பது உண்மைதான். ஆனால் குளிர் அந்தச் சிறு இலாபத்தை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்.

ஆகவே 'ஊமை' என்ற என் சொல் தவறு. மலையில் அது மெதுவாகப் பேசுகிறது, ஆனால் நீண்ட நேரம் பேசுகிறது.

டிசம்பர் 3

மேலே எழுதியதில் இன்னொரு குறை. நான் எதையும் உணரவில்லை என்பதற்குக் குளிர் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடுகிறது. மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் தைல மர வாசனையைச் சுற்றுலா வருகிறவர்கள் ஆகா என்று முகர்கிறார்கள்; பெருமாள்மலையைத் தாண்டியதும் பேருந்துச் சன்னலைத் திறந்துவைப்பவர்களும் அவர்கள்தான். எனக்கு அது பத்து நாட்கள் கீழே போய்த் திரும்பினால்தான் தெரியும்.

டிசம்பர் 9

"இதில் இருப்பது நம் ஊர் மல்லியா?" என்ற கேள்விக்கு நீளமாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அம்மா பிறந்த வீடு மல்லி விளையும் நிலக்கோட்டைப் பக்கம்.

நாம் மல்லி என்று சொல்லித் தொடுப்பதும், 2013இல் மதுரையின் பெயரில் புவிசார் குறியீடு பெற்றதும் ஒரு செடி. பிச்சி அல்லது ஜாதிமல்லி என்பது வேறு செடி. பிரான்சில் வாசனைத் தொழிலுக்குப் பேர் போன கிராஸ் என்ற ஊரில் காலம் காலமாகப் பயிரிட்ட மல்லிகை இந்தப் பிச்சியின் இனம். நம் மல்லி அவர்களுடைய புட்டிகளுக்குள் பெரிய அளவில் நுழைந்தது பிற்காலத்தில். தமிழ்நாட்டுச் சென்ட் ஆலைகளில் மல்லி, பிச்சி, சம்பங்கி மூன்றிலிருந்தும் சாறு எடுத்து ஏற்றுமதி செய்கிறார்கள். மல்லியைக் கொதிக்க வைத்து வடித்தால் மணம் கெட்டுவிடும். அதனால் மொட்டாகப் பறித்த பூ இரவில் விரிந்த பிறகு ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, முதலில் மெழுகு போன்ற ஒரு கட்டியை எடுத்து, அதைச் சாராயத்தில் கழுவிக் கடைசிச் சாற்றைப் பிரிக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் கிலோ பூவுக்கு ஒரு கிலோ அளவுக்கே சாறு கிடைக்கும் என்றால், என் புட்டியில் அது எவ்வளவு இருக்க முடியும் என்பதை விலையை வைத்தே ஊகிக்கலாம்.

மீதி மல்லிகை ஆய்வுக்கூடத்தில் செய்தது. ஹெடியோன் என்ற பொருள் மல்லிகையின் காற்றோட்டமான, ஈரமான பகுதியை மட்டும் தரும். எட்மண்ட் ருட்னிட்ஸ்கா என்ற வாசனைக் கலைஞர் 1966இல் டியோர் நிறுவனத்துக்காகச் செய்த ஆண்கள் வாசனையில் அது முதலில் பெயர் பெற்றது, பிறகு இல்லாத இடமே இல்லை. நான் முகர்ந்த அளவில், இனிப்பு வகைகளில் விட்டுவிடப்படுவது இண்டோல். இரவு தலையில் வைத்த பூவைக் காலையில் எடுக்கும்போது கொஞ்சம் கனத்து, கொஞ்சம் அழுகலாக ஒரு வாசனை வருமே, அதில் இண்டோலின் பங்கு பெரிது. அம்மா அந்தப் பூவை எறியாமல் தலையணை ஓரத்தில் வைத்திருப்பார். என் புட்டியில் இருக்கும் மல்லி என்றும் மாலை ஆறு மணி மல்லிதான், அதற்கு விடியாது.

எனக்கு இந்த வாசனை மல்லியைவிடக் காப்பிப் பூவையே அதிகம் நினைவூட்டுகிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கோடை மழை பெய்து ஒரு வாரம் கழித்துத் தோட்டத்துக்குள் நடந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

டிசம்பர் 11

அடியில் நிற்கும் வாசனையைப் பற்றி நேற்று ஒருவர் கேட்டார். பெட்டியில் எழுதாத ஒன்று இதில் இருக்கிறது, அது பச்சௌலி. அது ஓர் இலையின் வாசனை; அந்தப் பெயரின் வேரை அகராதிகள் தமிழிலேயே, பச்சை இலை அதாவது பச்சிலை என்ற சொல்லில் தேடுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீர்ச் சால்வைகளைப் பூச்சி அரிக்காமல் இருக்க இந்த இலையை இடையில் வைத்துக் கப்பலேற்றினார்கள். ஐரோப்பியப் பெண்கள் சால்வையை முகர்ந்து பார்த்து, இலை வாசனை இருந்தால்தான் அசல் என்று நம்பினார்கள். துணியோடு ஒட்டிக்கொண்டு போன வாசனை, துணி பழசான பிறகும் தனியாகப் பிழைத்துக்கொண்டது.

டிசம்பர் 18

பண்ணைக்காட்டுப் பெண்ணின் திருமண ரவிக்கை முடிந்தது. தந்த நிறப் பட்டு, பிரின்சஸ் கட், கழுத்தில் ஆரி வேலை. தை மாதத்தில்தான் எடுக்க வருவார்கள். கடையின் விறகுப் புகை ஏறாமல் இருக்கவும், பிரிக்கும்போது மணக்கவும் உள்பக்கம் இரண்டு முறை அடித்து மடித்து வைத்தேன். பட்டு வாசனையை ஓரளவு பிடிக்கிறது என்று சோதனையில் பார்த்தோமே.

ஜனவரி 9

மேலே உள்ள குறிப்பை நான் அழிக்கப் போவதில்லை, மற்றவர்கள் பார்க்கட்டும்.

ரவிக்கையை இன்று பிரித்தேன். பின் கழுத்துக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக, தேநீர் சிந்தியதைப் போல இரண்டு கறைகள். லைனிங்கைத் தாண்டி வெளிப்பட்டிலும் தெரிகின்றன. தண்ணீரில் ஒற்றினேன், போகவில்லை. சோப்பைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. தந்த நிறப் பட்டில் தண்ணீரே ஒரு கறை.

டிசம்பர் 2 அன்று வெள்ளைப் பருத்தியில் மஞ்சள் வளையத்தைப் பார்த்து, அடுப்புப் புகை என்று எழுதி நகர்ந்துவிட்டேன். திண்ணையில் தொங்கிய துண்டிலும் அதே வளையம் இருந்தது, அங்கே ஏது அடுப்பு? கண் பார்த்ததைக் கை எழுதியது, புத்தி படிக்கவில்லை.

இன்று படித்து அறிந்ததை எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும். வெண்ணிலாவின் உயிரான வெனிலின் காற்றும் வெளிச்சமும் பட்டால் பழுப்பாக மாறும் இயல்புடையது. ஆரஞ்சுப் பூவிலும் மல்லியிலும் மெத்தில் ஆந்த்ரனிலேட் என்று ஒன்று இருக்கிறது. அது வெனிலின் போன்ற, ஆல்டிஹைடு என்ற வகைப் பொருட்களோடு சேர்ந்தால் அடர்ந்த மஞ்சள், ஆரஞ்சு நிறப் பொருட்கள் உண்டாகும். அதாவது பூவும் இனிப்பும் ஒன்றாக இருக்கும் வாசனைகளுக்குக் கறை படுத்துவது பிறவிக் குணம். மலிந்தது, உயர்ந்தது என்ற வேறுபாடு இதில் இல்லை. வெளிர் துணியில் அடித்தவள் நான், குற்றம் என்னுடையது. ஆடையின் பெயரால் விற்கப்படும் இந்த இனிப்பு வாசனைகளுக்கு ஆடையே ஆகாது என்பதை இருபத்திரண்டு ஆண்டுத் தையற்காரி ஒரு ரவிக்கையைப் பலி கொடுத்துக் கற்றிருக்கிறேன்.

ஜனவரி 13

திண்டுக்கல்லில் அந்த நிறம் கிடைக்கவில்லை. பெண்ணின் சேலை முந்தானை நிறத்தில் அரை மீட்டர் வாங்கி, பின் கழுத்துக்குக் கீழே பானை வடிவத்தில் ஒரு துண்டு வைத்து, ஓரத்துக்குப் பைப்பிங் கொடுத்து, முதலிலேயே அப்படி யோசித்துத் தைத்ததைப் போல முடித்தேன். லைனிங் முழுவதையும் மாற்றினேன். பெண்ணின் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் பேசவில்லை. பிறகு பானை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். தையற்கூலி வாங்கவில்லை.

ஜனவரி 14

"அப்படியானால் எங்கே அடிப்பது?" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். தோலில் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு உடுத்துங்கள். துணியில்தான் வேண்டும் என்றால் கறுப்போ அரக்கோ ஆன கம்பளியில் அடியுங்கள். பட்டு, ஜரிகை, வெள்ளை வேட்டி மூன்றையும் விட்டுவிடுங்கள். மலையில் இருப்பவர்கள் ஸ்வெட்டருக்கு உள்ளே, கழுத்தோரத்தில் அடித்தால், பேசும்போதும் குனியும்போதும் சூட்டோடு சேர்ந்து மேலே வரும். நான் இரண்டு வாரமாக அப்படித்தான் செய்கிறேன். நேற்றுக் கொக்கி வாங்க வந்த பெண் கடையில் பாயசம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பொங்கலுக்கு முந்திய நாள் என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஜனவரி 20

நவம்பர் 14இல் செலவு வீண் என்று எழுதியதைப் பற்றி மதுரைத் தம்பி மறுபடியும் பிடித்துக்கொண்டிருக்கிறார். பாதியை விட்டுக்கொடுக்கிறேன். குளிரில் குறைவாக அடித்தால் போதும், ஒரு புட்டி இரண்டு ஆண்டுகள் வரும், ஆகவே விலை அவ்வளவு வீண் இல்லை. கண்ணாடிக்கும் பெட்டிக்கும் கொடுத்தது வீண் என்பதை மட்டும் விடமாட்டேன். ஆனாலும் அந்த மடிப்புக் கண்ணாடியை வைத்து ஒரு குழந்தையின் பட்டுப் பாவாடைக்குக் கொசுவ அளவு எடுத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மேலே நெருக்கமாகவும் கீழே அகலமாகவும் நன்றாக விழுந்தது.

பிப்ரவரி 3

உறைபனி நின்றுவிட்டது. திண்ணைக் கொடியை இன்று அவிழ்த்தேன். பருத்தியில் மஞ்சள் வளையம் இப்போது பழுப்பு, வாசனை சுத்தமாக இல்லை. பாலியஸ்டரைக் காற்று எங்கோ கொண்டுபோய்விட்டது. பட்டில் ஒன்றும் இல்லை. கம்பளித் துண்டில் வெண்ணிலாவும் பச்சிலையும் இன்னும் இருக்கின்றன. மல்லி போய் எழுபது நாட்கள் ஆகின்றன.